கட்டிங் மாஸ்டரின் கத்தரி

துணியை மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டபின், கட்டிங் மாஸ்டர் தலையைச் சாய்த்துக்கொண்டு சற்று நிற்பார். காதுக்குள் ஒரு குரல் பேசுமாம். "பேசி முடிக்கட்டும். நடுவுல வெட்டினா துணி வீணாப் போயிடும்" என்பார். முடிந்ததும் கத்தரி கோடு பிசகாமல் ஓடும்.

குரல் என்னதான் சொல்லும் என்று, அதே கடையில் தையல் மிஷினில் உட்காரும் நான் ஒருநாள் கேட்டேன். "எதுக்கும் லாயக்கில்லாதவன்னு திட்டும். மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து பக்கத்து வீட்டு டிவி மாதிரி ஆயிடுச்சு." ஊருக்கெல்லாம் சட்டை வெட்டுகிறவர், அவர் சட்டையில் எப்போதும் இரண்டு பொத்தான் இருக்காது.

அந்த மாத்திரைச் சீட்டு கண்ணில் பட்ட நாள் முதல் கடைக்கார அக்கா சாயங்காலமானால் கத்தரியை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். தன் நாற்காலியை மாஸ்டரின் மேசையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கேட்டால், காற்றுக்காக என்றார். மின்விசிறி இருந்தது மறுபக்கம். மாதக் கடைசியில் மாஸ்டரை நிறுத்திவிட்டு வேறு ஆள் வைக்கப்போவதாக என்னிடம் கிசுகிசுத்தார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

போன வாரம் கடையில் கத்தரியை ஓங்கவே ஓங்கினார்கள். ஓங்கியவர் வங்கி மேலாளர். தலைவலி மாத்திரைகூடப் போடாத மனிதர். புதுக் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. அளவெடுத்த அன்று வயிற்றை எக்கிக்கொண்டு நின்றதும் அவரேதான். இதைக் கிழித்தே போடுகிறேன் என்று கத்தரியை எடுத்தவர், அக்கா தடுத்ததும் அக்காவின் முகத்துக்கு நேரே ஓங்கிவிட்டார்.

மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவியபடி இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அதைக் கீழ வைங்க சார். மூச்சை விட்டுட்டு நில்லுங்க, மறுபடி அளவெடுத்துக்கறேன். தப்பு என்னோடதாவே இருக்கட்டும்."

மேலாளர் மூச்சை விட்டார். வயிறு வெளியே வந்தது. கத்தரி மேசைக்குத் திரும்பியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாஸ்டர் இடுப்பை அளந்து, இரண்டு அங்குலம் பிரித்துவிடலாம் என்றார்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் கைப்பிடி முன்னால் இருக்கும்படி கத்தரியை அக்காவிடம் நீட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மாஸ்டர். காலையில வேணுமில்ல" என்றார் அக்கா.

பிறகு எழுந்து, நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, மாஸ்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்.