தியானக் கொப்பி

மிஷன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு விடிவது மணிச் சத்தத்தோடுதான். முகம் கழுவியதும் வேதப்புத்தகத்தையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, வளவுக்குள் மரத்துக்கு ஒருத்தியாகப் போய் உட்கார வேண்டும். அரை மணி நேரம் யாரும் கதைக்கக் கூடாது. அன்றைய பகுதியை வாசித்துத் தியானித்து, ஆண்டவர் இன்று எனக்கு என்ன சொன்னார் என்று நாலு வரி எழுத வேண்டும். சனிக்கிழமை கொப்பிகள் மிசியம்மாவின் மேசைக்குப் போகும். பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெண்ணை அப்படித்தான் அழைப்போம். ஆண்டவர் எனக்கென்று சொன்னதை இவர் எதற்குத் திருத்த வேண்டும் என்று அப்போதே எனக்கு எரிச்சல்.

அடுத்த மாமரம் என் சிநேகிதியுடையது. அவளுக்கு எழுத்து ஓடாது.

“எனக்கு ஒண்டும் வருகுதில்லையடி. நீ எழுதித் தா,” என்று முடிவு மணியடிக்க முன்னம் கிசுகிசுப்பாள்.

துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பேன். அவள் பார்த்து எழுதுவாள். கண்ணீர், மனந்திரும்புதல், உள்ளத்தில் வீசிய ஒளி என்று மிசியம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் வெட்கமில்லாமல் அள்ளிப் போட்டேன். என் கொப்பியில் மட்டும் பொய் எழுதப் பயம். பல நாட்களில், ‘இன்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை’ என்றுதான் எழுதினேன்.

கடைசி வருஷம் ஒரு பிள்ளையை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்ப இருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் கல்யாணம்தான் என்று வீட்டில் ஐயா சொல்லிவிட்டார். வகுப்பில் முதலாம் பிள்ளை நான். மலைபோல நம்பியிருந்தேன்.

மிசியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சிநேகிதியின் கொப்பியிலிருந்து நாலு வரி வாசித்துக் காட்டினார்.

“உனக்குப் படிப்பு இருக்கிறது, பக்தி இல்லை. இவளைப் போல உருகி எழுத எப்போது பழகுவாய்?” என்று என்னைக் கேட்டார்.

நாலு வரியும் நான் எழுதியவை. சிநேகிதி தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவள் பயிற்சிக்குப் போனாள்; நான் கல்யாணமாகிச் சாவகச்சேரிக்குப் போனேன். அவளை மன்னித்துவிட்டதாக ஜெபத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது பொய்.

பதினான்கு வருஷம் கழித்து, கடதாசிக்கும் தட்டுப்பாடான உலக யுத்த காலத்தில், என் மகளை அதே பள்ளிக்கூடத்தில் விட்டேன். மிசியம்மா தன் நாட்டுக்குப் போய்விட்டார். கொப்பி பார்ப்பது இப்போது என் சிநேகிதி.

முதல் விடுமுறைக்கு வந்த மகள் கொப்பியை நீட்டினாள்.

“அம்மா, ரீச்சர் இதைத் திரும்ப எழுதட்டாம்.”

‘இன்று எனக்கு ஒன்றும் கேட்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தது அப்படி. அதன் கீழே சிவப்பு மையில், எனக்கு நன்றாகத் தெரிந்த கோணல் எழுத்தில் ஒரு குறிப்பு: ‘உன் சொந்த மனதிலிருந்து எழுது.’

“பேனையை எடு, பிள்ளை,” என்றேன்.

அன்று மிசியம்மா வாசித்துக் காட்டிய அதே நாலு வரியை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அவை யாருடைய வரிகள் என்று வாசிக்கிறவளுக்குத் தெரியும்.