ஐந்தாம் தேதிக்குப் பயந்தவர்கள்

ரத்தினம்மாளுக்குக் கேட்பதில் வெட்கமே கிடையாது. நீலசந்திராவில் அவள் குடியிருக்கும் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ரேஷன் கடையில் "ஸ்டாக் இல்ல" என்றால் மற்றவர்கள் பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இவள் மட்டும், "எப்ப வரும்? யாரு கொண்டாறாங்க? அவுங்க நம்பர் குடு" என்று அங்கேயே நிற்பாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டில் எதையோ கிறுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "எனக்கு இன்னா வியாதின்னு இன்னும் சொல்லலியே சார்" என்பாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கம்பெனிக் கட்டடத்தில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். துடைத்துப் பெருக்கும் பெண்களுக்கு அங்கே உட்கார இடமில்லை. பாத்ரூம் வாசலில் நின்றபடிதான் டீ குடிப்பார்கள். ரத்தினம்மாள் சேர்ந்த புதிதிலேயே மேனேஜர் அறைக் கதவைத் தட்டி, "இவ்ளோ பெரிய பில்டிங்ல நாற்காலி இல்லாதவங்க நாங்க மட்டுந்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் இரண்டு பெஞ்சுகள் வந்தன. வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தியவர்கள்தான் முதலில் அதில் உட்கார்ந்தார்கள்.

அவள் புருஷன் ஒரு வாயில்லாப் பூச்சி. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்காகவும் இவளே கேட்டாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு மகள் தாரணிக்காகக் கேட்டாள். "உங்கூட வெளிய வந்தா மானம் போவுதும்மா" என்று தாரணி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் காலேஜ் சீட்டு அம்மா கேட்டுத்தான் கிடைத்தது என்பது அவளுக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு தேதி வந்து மடக்கிப் போட்டது.

கம்பெனியில் காண்ட்ராக்ட் கைமாறியது. பழைய காண்ட்ராக்டர் மாதக் கடைசியிலேயே சம்பளம் போட்டுவிடுவான். புதிதாக வந்தவன் பத்தாம் தேதி என்றான். வீட்டு வாடகையோ ஐந்தாம் தேதி. ஒரு மாதப் பணத்தை முன்கூட்டி எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று பக்கத்துப் போர்ஷன் அஷ்வத் யோசனை சொன்னான். ஆட்டோ ஓட்டுகிறவன், தினம் காசு பார்க்கிறவன், அவனுக்கென்ன. கையில் இருந்ததெல்லாம் தாரணியின் பரீட்சைக் கட்டணத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு மாதப் பணத்துக்கு எங்கே போவது?

வீட்டுக்காரர் கோவிந்தப்பா கெட்டவர் இல்லை. தம் கையாலேயே மாடிக்கு மேல் மாடியாகக் கட்டி, எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டு, தாமும் மனைவி லட்சுமம்மாவுமாகக் கீழே இருப்பவர். தண்ணீர் நின்றால் அவரே மோட்டார் போட ஓடுவார். ஆனால் வாடகைத் தேதியில் கறார். முன்பு மூன்றாம் மாடியில் இருந்த நோயல் என்ற மெக்கானிக் அடிக்கடி தேதியைத் தாண்டினான். வாசலில் 'டு-லெட்' பலகை தொங்கிவிட்டது. முதல் மாதம் ரத்தினம்மாள் தாமதமானபோது அவர் மாடியேறி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டாவது மாதம், "ரத்னம்மா, இது ஒள்ளேது அல்ல" என்றார் கன்னடத்தில். நல்லதுக்கில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

மூன்றாவது மாதம் பிறந்தது, ஐந்தாம் தேதி நெருங்கியது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், கேட்டருகே கோவிந்தப்பா நிற்பதைப் பார்த்தாள். கால் தானாகத் திரும்பியது. கறிக்கடைச் சந்து வழியாகச் சுற்றி, அவர் உள்ளே போகும்வரை ஒரு சுவரோரம் நின்றுவிட்டு, பூனை மாதிரி மாடியேறினாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. அவமானத்தில் உடம்பே எரிந்தது.

"காய்ச்சல்னு சொல்லும்மா. இல்லன்னா பேங்க்ல சர்வர் டவுன்னு சொல்லு" என்றாள் தாரணி.

"ஏன் சொல்லணும்? வாடக குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? ஒளிஞ்சிக்கினு இந்த வூட்ல ஒரு நாளும் இருக்க மாட்டேன். கேப்பேன். முடியாதுன்னா மூட்டைய கட்டுவோம்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். பரீட்சை நேரத்தில் மகளையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது? அட்வான்ஸ் கொடுக்க யாரிடம் கையேந்துவது? அன்றைக்குச் சோறு அவளுக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தப்பா தண்ணீர் டேங்கர்க்காரனோடு சண்டை போட்டு, சம்ப்பை நிரப்பி, மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். ரத்தினம்மாள் தலையை வாரி முடிந்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். கேட்கப் போகும்போது அழுக்குப் புடவையோடு போகக்கூடாது என்பது அவள் கட்சி.

"சார், ஒரு விசயம். வாடக தேதிய மாத்திக் குடுங்க. பத்தாம் தேதி எனக்குச் சம்பளம். மறுநாளே உங்க கைல பணம் இருக்கும். ஒரு மாசம் தவறுச்சின்னா நீங்க சொல்லவே வேணாம், நானே காலி பண்றேன்."

கோவிந்தப்பா கையை லுங்கியில் துடைத்தார். "ஆகல்லம்மா. எல்லாருக்கும் ஒரே தேதி. உனக்கு மாத்தினா நாளைக்கு அஷ்வத் வருவான்."

"வரட்டுமே. கஷ்டம் இருக்கறவன் கேக்கறான். உங்களுக்கு முடிஞ்சா குடுங்க, முடியலன்னா இல்லன்னு சொல்லுங்க. கேக்கறதுக்கே தடையா?"

"இல்லன்னுதானே சொல்றேன்! கஷ்டா இருந்தா வேற மனெ நோடிக்கோ."

வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். ஆனால் ரத்தினம்மாள் நகரவில்லை. "ஏன் அஞ்சாம் தேதின்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க சார். சரின்னு பட்டா இப்பவே போய் வூடு தேடறேன்."

கோவிந்தப்பா சம்ப் மூடியைக் காலால் இன்னும் அழுத்திச் சாத்தினார். பதில் உள்ளேயிருந்து வந்தது. ஜன்னலருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த லட்சுமம்மா பொறுக்கமாட்டாமல் பொரிந்து தள்ளினாள். "சொல்ல வேண்டியதுதானே! ஏன் வாயை மூடிக்கினு நிக்கறீங்க? ஏழாம் தேதி பேங்க்காரன் லோன் எடுக்கறான் ரத்னம்மா. மேல் மாடி கட்டின லோன். அக்கவுண்ட்ல இல்லன்னா ஃபைன் போட்டு, போன் மேல போன் பண்றான். உன் பணம் நேரத்துக்கு வராத ரெண்டு மாசமும் இவர் போனை ஆஃப் பண்ணி அரிசி டப்பாக்குள்ள வெச்சிட்டு, கோயிலுக்குப் போய் உக்காந்துக்கினார்!"

ரத்தினம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத் தெரியாத சிரிப்பு. கோவிந்தப்பாவின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடிப்பாவி, கெடுத்தாயே காரியத்தை! தேதி கேட்டு வந்த இடத்தில் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறவள் உலகத்தில் வேறு யாராவது இருப்பாளா? மாடியில் தாரணி எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். ரத்தினம்மாள் ஒரு நிமிடம் தன்னையே திட்டிக்கொண்டு நின்றாள். பிறகு போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், சிரிச்சது தப்பு. உங்களப் பாத்து சிரிக்கல, சத்தியமா. முந்தாநாள் நீங்க கேட்டாண்ட நிக்கறதப் பாத்துட்டு நான் கறிக்கட சந்துல போய் ஒளிஞ்சிக்கினேன். நான் உங்களுக்குப் பயந்து ஒளியறேன், நீங்க பேங்க்குக்குப் பயந்து ஒளியறீங்க. அத நெனச்சித்தான் சிரிச்சேன்."

உள்ளே லட்சுமம்மாவின் களுக்கென்ற சிரிப்பு கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு பாதி திறந்தது.

"பேங்க்ல தேதிய மாத்திக் குடுங்கன்னு கேட்டீங்களா சார்?"

"நல்லா இருக்கு! பேங்க் போட்ட தேதியை யாராவது மாத்தச் சொல்வாங்களா?"

"எனக்கு நீங்க போட்ட தேதி. நான் வந்து கேக்கலியா?"

வேண்டாம், வம்பு, லோனையே திரும்பக் கட்டு என்பார்கள் என்று கோவிந்தப்பா என்னென்னவோ முணுமுணுத்தார். லட்சுமம்மா கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். "நீங்க வராட்டிப் போங்க. நாளைக்கு நானும் ரத்னம்மாவும் போறோம்."

மறுநாள் ரத்தினம்மாள் இன்னொரு சூப்பர்வைசரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். பெண்கள் இருவரும் கடைத்தெரு வழியாக பேங்க்குக்கு நடந்தார்கள். பின்னால், தனக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல, இஸ்திரி போட்ட சட்டையில் கோவிந்தப்பா வந்தார்.

லோன் பார்க்கிற மேஜையில் ஸ்ரீரஞ்சனி என்ற இளம் பெண் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ரத்தினம்மாளின் தமிழைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. விஷயத்தை ரத்தினம்மாள் பளிச்சென்று சொன்னாள். இவர் வீட்டுக்காரர், நாங்கள் குடியிருப்பவர்கள், எங்களுக்குச் சம்பளம் பத்தாம் தேதி, இவருக்கு நீங்கள் வைத்திருப்பது ஏழாம் தேதி, நடுவில் எல்லாரும் நசுங்குகிறோம்.

ஸ்ரீரஞ்சனி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "சார் ஒழுங்கா கட்டிட்டு வந்திருக்காரு, இப்ப ரெண்டு மாசம் மட்டும்தான் லேட்டு. ஒரு தடவை தேதி மாத்திக்கலாங்க. கொஞ்சம் வட்டி கூடும், அவ்வளவுதான். பன்னெண்டாம் தேதி வெச்சுக்கலாமா?"

அவ்வளவுதான்! கோவிந்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார். லட்சுமம்மா அவர் விலாவில் இடித்தாள். ரத்தினம்மாளுக்கு அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

"ஆனா அடுத்த மாசத்துல இருந்துதாங்க மாறும். வர்ற ஏழாம் தேதி எடுக்கறது எடுத்துடுவாங்க. அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ரத்தினம்மாளின் முகம் விழுந்தது. வருகிற ஏழாம் தேதிக்கு முன்னால் அவள் பணத்துக்கு எங்கே போவாள்? இந்த மாதமும் தேதி தவறினால் மூன்றாவது முறை. நோயலின் கதைதான் அவளுக்கும். இன்னொரு தடவை கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். சிரித்துக்கொண்டே செய்து கொடுத்த பெண்ணிடம் மறுபடி எப்படிக் கேட்பது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"மேடம்."

குரல் பின்னாலிருந்து வந்தது. கோவிந்தப்பா முன்னே வந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தமக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார்.

"மேடம், இந்த மாசமும் பன்னெண்டே பண்ணிக் குடுங்க. இவங்க நம்ம மனெயில இருக்கறவங்க. பெண்ணுக்குப் பரீட்சை. அஞ்சாம் தேதி போய் இவங்க வாசல்ல நிக்கறதுக்கு எனக்கு முடியல்ல மேடம். உங்க பெரிய சார் கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இல்லன்னா நானே கேக்கறேன்."

ஸ்ரீரஞ்சனி அவரை ஒருமுறை பார்த்தாள். எழுந்து மேனேஜர் அறைக்குள் போனாள்.

ரத்தினம்மாள் நிமிரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புருஷனுக்காகக் கேட்டாள், மகளுக்காகக் கேட்டாள், கூட வேலை செய்கிறவர்களுக்காகக் கேட்டாள். அவளுக்காக ஒருத்தர் வாய் திறந்து கேட்டது இந்த ஜன்மத்தில் இதுதான் முதல் தடவை. லட்சுமம்மா பதறிப்போய், "அய்யோ, ஏன் ரத்னம்மா, ஏனாயித்து?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

திரும்பி வந்த ஸ்ரீரஞ்சனி, "இந்த ஒரு தடவை பன்னெண்டு வரைக்கும் விட்டுடறோம்னு சொல்லிட்டாருங்க. இனிமே மாத்தச் சொல்லக்கூடாது" என்றாள்.

வெளியே வந்ததும் கோவிந்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. "பதினொண்ணாம் தேதி பணம் வந்திடணும், ஹா" என்றார் பழைய வீட்டுக்காரக் குரலில். உடனே குரலைத் தாழ்த்தி, "நான் சரியா கேட்டேனா ரத்னம்மா?" என்றார்.

ரத்தினம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நான் கூட அப்டி கேட்டிருக்க மாட்டேன் சார்."