எனக்கு வராத செய்திக்குக் கட்டணம்

மன்னாரில் மீன் அடைக்கும் றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பெட்டி விற்றுத்தான் நான் பிழைக்கிறேன். ஓலைத்தொடுவாய்ப் பக்கத்து மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு மீனைக் கொழும்புக்கு அனுப்ப என்னிடம் பெட்டி எடுப்பார்கள். பெட்டி எடுப்பது இன்றைக்கு, காசு தருவது மீன் விற்ற பிறகு. எனக்குப் பெட்டி அனுப்பும் கொழும்பு முதலாளியோ, சொன்ன திகதியில் காசோலை மாறியே ஆகவேண்டும் என்பவர். இந்த இரண்டுக்கும் நடுவில் தாக்குப்பிடிக்க வங்கியில் மேலதிகப்பற்று வசதி எடுத்திருந்தேன். கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஓர் எல்லைவரை வங்கி தன் காசைப் போட்டுக் காசோலையை மாற்றிவிடும். பிறகு நான் வட்டியோடு கட்ட வேண்டும். இத்தனை வருட வியாபாரத்தில் என் காசோலை ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

ஒருநாள் காலை முதலாளி தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, ஒங்கட செக் திரும்பி வந்திருக்கு."

ஏதோ பிழை நடந்திருக்கும், இப்போதே வங்கிக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். பாருங்கள் என்றார். எனக்கென்று லொறியில் ஏற்றிய பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டதையும் அதே குரலில் சொன்னார்.

வங்கியில் இலக்கத் துண்டு எடுத்துக் கதிரையில் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்து நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னது. மேலதிகப்பற்றைப் புதுப்பிப்பதற்கான வருடக் கட்டணத்தை வங்கி தானாகவே என் கணக்கில் கழித்திருக்கிறது. அந்தக் கழிவால் நான் எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன். அடுத்த நாள் நான் முதலாளிக்குக் கொடுத்த காசோலை வர, காசு போதாதென்று திருப்பிவிட்டார்கள். திருப்பியதற்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கழித்ததில் எல்லை இன்னும் தாண்டிப்போக, அதற்குத் தண்ட வட்டி. அவர்களே என்னைத் தள்ளிவிட்டு, ஏன் விழுந்தாய் என்று என்னிடமே தண்டம் வாங்கியிருந்தார்கள்.

"எல்லை கிட்டுது எண்டு உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே அக்கா," என்றது பிள்ளை.

எனக்கு ஒரு மெசேஜும் வரவில்லை என்றேன். அப்போதுதான் யோசித்தேன், இந்த வங்கியிலிருந்து எனக்கு எப்போதுமே ஒன்றும் வந்ததில்லை. எந்த இலக்கத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். பிள்ளை வாசித்தது. எல்லாம் என் இலக்கம்தான், கடைசியில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஏழு இருந்தது. யாருக்கோ போய்க்கொண்டிருந்த அந்தச் செய்திகளுக்கும் மாதாமாதம் என் கணக்கில்தான் கட்டணம் கழித்திருக்கிறார்கள்.

முகாமையாளர் நல்ல மரியாதையான மனிதர். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் விண்ணப்பத்தில் ஒன்றை ஏழு மாதிரி எழுதியிருக்கலாம் என்றார். அந்த விண்ணப்பத்தைக் காட்டுங்கள் என்றேன். அது கொழும்புக் களஞ்சியத்தில் இருக்கிறதாம், எடுப்பிக்க மாதக்கணக்காகுமாம். எழுத்தில் முறைப்பாடு தாருங்கள், மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். சில கிழமை கழித்துப் பதில் வந்தது, வாடிக்கையாளருக்கு உரிய முறையில் அறிவிக்கப்பட்டுள்ளதால் கட்டணங்களை மீளளிக்க இயலாது என்று. வாசித்துவிட்டு அன்று முழுக்க வீட்டில் எல்லோரிடமும் பாய்ந்தேன்.

கோபத்தில்தான் அந்த ஏழு உள்ள இலக்கத்துக்கு எடுத்தேன். ஓர் ஆண்குரல் கேட்டது. வங்கி, மெசேஜ் என்று நான் தொடங்கியதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"நீங்களோ அது? உங்கட வரவு செலவு எல்லாம் எனக்குத்தான் வருது தங்கச்சி. வயலில உழுதுகொண்டு நிக்கேக்க போன் அடிக்கும். மெசினை நிப்பாட்டிப் பாத்தா உங்கட காசு."

நானாட்டானில் வயல் செய்பவர், சொந்தமாக ஓர் உழவு இயந்திரமும் வைத்திருந்தார். முதல் செய்தி வந்தபோது, தன் பெயரில் யாரோ கடன் எடுத்துவிட்டார்கள் என்று பயந்து, அங்கே இருக்கும் அதே வங்கியின் கிளைக்கு ஓடியிருக்கிறார். கணக்குக்காரர் வந்து கேட்டால்தான் நிறுத்தலாம் என்றார்களாம். யார் அந்தக் கணக்குக்காரர் என்று கேட்டதற்கு, அது வாடிக்கையாளரின் இரகசியம், சொல்ல முடியாது என்றார்களாம். என் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதை மட்டும் அவருக்குத் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எல்லை கிட்டுகிறது என்ற செய்தி வந்ததா என்று கேட்டேன்.

"ஓம், வந்தது. பாவம் ஆரோ எண்டு நினைச்சனான். ஆரெண்டு தெரிஞ்சா எடுத்துச் சொல்லியிருப்பன்."

இந்த விவகாரத்தில் எனக்காகக் கவலைப்பட்ட முதல் ஆள் அவர்தான். மன்னாருக்கு வரமுடியுமா என்று கேட்டேன். தனக்கும் இந்தத் தொல்லை விட்டால் போதும் என்று அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

முகாமையாளர் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நானாட்டான்காரர் தன் ஊர்க் கிளைக்குப் போய்ச் சொன்னதைச் சொன்னார். முகாமையாளர் அந்தக் கிளைக்கு எடுத்துக் கேட்டார். அங்கே இருந்த உத்தியோகத்தருக்கு இவரை நன்றாக நினைவிருந்தது. அவ்வளவு சண்டை பிடித்திருக்கிறார். இலக்கம் பிழை என்பது வங்கிக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முகாமையாளர் தொலைபேசியை வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

முதலில் இலக்கத்தை மாற்றுங்கள் என்றேன். மாற்றுவதற்கு, பதிவில் இருக்கும் தொலைபேசிக்கு ஓர் இரகசியக் குறியீடு வருமாம், அதைச் சொன்னால்தான் கணினி விடுமாம். குறியீடு நானாட்டான்காரரின் தொலைபேசிக்கு வந்தது. அவர் கையைத் தூரமாக நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, சத்தமாக வாசித்தார். கவுண்டரில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இலக்கம் மாறியது. உடனே அந்தப் பழைய இலக்கத்துக்கே கடைசியாக இன்னொரு செய்தியும் வந்தது. இலக்கத்தை மாற்றியதற்கும் ஒரு கட்டணமாம்.

"இதுவும் இந்தப் பிள்ளையின்ர கணக்கிலயோ?" என்று அவர் தொலைபேசியை முகாமையாளரிடம் நீட்டினார். அது கணினி தானாகக் கழிப்பது என்றார் முகாமையாளர்.

பிறகும் எத்தனையோ தடவை போய்வந்தேன். கடைசியில் காசோலை திருப்பிய கட்டணத்தையும், அத்தனை வருடச் செய்திக் கட்டணத்தையும் கணக்கில் திரும்பப் போட்டார்கள். தண்ட வட்டி மட்டும் தர முடியாதாம், ஏனென்றால் எல்லை தாண்டியது உண்மைதானாம். அதையும் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

உண்மையில் எனக்கு அந்தக் காசைவிட வேறொன்று வேண்டியிருந்தது. காசோலை திரும்பியது வங்கியின் பிழையால்தான் என்று முதலாளிக்குக் காட்ட ஒரு கடிதம் கேட்டேன். அப்படி எழுதிக்கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார் முகாமையாளர்.

"பிழை உங்கட எண்டுதானே காசைத் திருப்பித் தந்தனீங்கள்?"

"அது பிழை எண்டு தரேல்ல அம்மா. நல்ல வாடிக்கையாளர் எண்டபடியால் ஒரு சலுகை."

எழும்பி வந்துவிட்டேன்.

முதலாளிக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நம்புகிறேன் என்றும் சொன்னார்.

"ஆனா இனி செக் வாணாம் தங்கச்சி. காசு போட்டாப் பெட்டி ஏத்துறன்."

இப்போது லொறி வெளிக்கிட முதலே காசு போகவேண்டும். அதனால் வியாபாரிகளிடம் பாதிக் காசையாவது முன்னுக்குக் கேட்கிறேன். சிலர் தருகிறார்கள். சிலர் கடன் கொடுக்கும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் நான் குறை காணவில்லை, மீன் விற்காமல் அவர்களிடம் மட்டும் காசு எங்கே இருக்கும்.

போன மாதம் வங்கிக்குப் புது முகாமையாளர் வந்திருக்கிறார். அவரே என் சரியான இலக்கத்துக்கு எடுத்து, என் கணக்கு நல்ல முறையில் ஓடுவதாகவும், மேலதிகப்பற்று எல்லையைக் கூட்டித்தர விரும்புவதாகவும் சொன்னார். என் முறைப்பாட்டுக் கோப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருக்கிறதா, பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்றார். இன்னும் எடுக்கவில்லை.