கீல் மாறிய கதவு

நடந்தவை, வரிசையாக:

1. பங்காருபாளையத்தில் மாந்தோப்புக்காரர் ஒருவர், தோப்புக்குள் கட்டும் பன்னிரண்டு தங்கும் அறைகளுக்குப் பழைய பாணிப் பலகைக் கதவு கேட்டார். முதல் கதவு பிடித்தால் மிச்சம் பதினொன்றும் எங்களுக்கு.
2. சித்தூரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, அந்தப் பதினொன்றையும் என் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். திருப்பதியில் பாலிடெக்னிக் முடித்து மூன்று வருடமாக அவரிடம்தான் வேலை செய்துவந்தேன்.
3. முதல் கதவை நானே வரைந்தேன், நானே செய்தேன்.
4. மாட்டுகிற அன்று வாஸ்து பார்ப்பவர், கீல் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்றார். சித்தப்பா கீலை மட்டும் மாற்றினார்.
5. நான் தடுத்தேன்.

நான்காவதுதான் தவறு. இந்தக் கதவில் செங்குத்தாக ஐந்து பலகை, பின்னால் மூன்று குறுக்குச் சட்டம், அவற்றுக்கு இடையே இரண்டு சாய்வுச் சட்டம். சாய்வு கீல் பக்கத்தின் அடியில் தொடங்கி எதிர்ப்பக்கத்தின் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் எடையைத் தாங்கிக் கீலிடம் சேர்க்கும். கீல் மாறினால் சாய்வையும் பிரித்துத் திருப்பி அடிக்க வேண்டும். அரை நாள் வேலை.

“சித்தப்பா, கதவு தொங்கிப்பூடும். சாய்வையும் மாத்தணும்.”

“அஞ்சு பலகய சேத்து ஆணி அடிச்சதுக்கு இஞ்சினியரம்மா வந்துட்டாங்கப்பா. நான் உளி புடிச்சப்போ ஒங்க நைனாவுக்குக் கல்யாணம்கூட ஆவல. நீ போயி நோட்டுல எழுதிக்கினு இரு, போ.”

தோப்புக்காரர் சிரித்தார். கொத்தனார்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சித்தப்பா கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசணிக்காயை உடைத்துவிட்டார். பூஜை போட்ட கதவை எங்கள் பக்கத்தில் யாரும் லேசில் கழற்றமாட்டார்கள். அது தெரிந்துதான் அவ்வளவு அவசரம். திரும்பும்போது, “அந்தப் பதினொண்ணு ஒனக்கு சரிப்படாது” என்றும் சொன்னார்.

அதன்பிறகு நான் சாய்வைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

எண்ணெய் பூசுகிற வேலை எனக்கு. வாரம் ஒரு பூச்சு. ஒவ்வொரு முறையும் யாரும் பார்க்காதபோது, தாழ்ப்பாள் பக்கத்தின் அடியில் இருக்கும் இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். எட்டு மில்லி. ஆறு. மூன்றரை. அளந்துவிட்டு எண்ணெயை இன்னும் அழகாகத் தேய்த்தேன். அந்த நாட்களில் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நன்றாகப் பசி எடுத்தது.

மழை பிடித்தது. பலகை ஊறி எடை கூடியது. கதவு புதுத் தரையில் பிறை மாதிரி ஒரு கோடு கீறியது. தோப்புக்காரர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார்.

“ஏம் மேஸ்திரி, இது கதவா, கலப்பையா?”

“மரம் ஈரம் சார். பாப்பா பலகைய சரியா காயவெக்கல” என்றார் சித்தப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

கொஞ்சம் இரக்கம் மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அங்கேயே போயிற்று. என் வரைபடத்தை விரித்தேன்.

“கீல் எந்தப் பக்கம்னு பாருங்க சார். மாத்துனா இன்னா ஆவும்னு அன்னிக்கே சொன்னேன். நீங்களும்தான் சிரிச்சீங்க.”

அவர் வரைபடத்தையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். “இப்ப இன்னா பண்ணணும், அம்மாயி?” என்றார், பெண்ணே என்பதைத் தெலுங்கில்.

“மீதி பதினொண்ணும் என் பேர்ல குடுங்க. இந்தக் கதவ சித்தப்பாவே கழட்டி, பிரிச்சி, சாய்வ மாத்தட்டும். நான் நோட்டுல எழுதிக்கினு இருக்கேன்.”

அதே கொத்தனார்கள்தான் நின்றிருந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மண்டியிட்டு, பின்னால் மடக்கி அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடுங்கினார். நாற்பத்தெட்டு ஆணி. எல்லாவற்றையும் எண்ணினேன். உதவிக்குக் குனியவில்லை.

வடமாலபேட்டையில் சொந்தப் பட்டறைக்கு ஒரு ஷெட் எடுத்திருக்கிறேன். ஆறு கதவு மாட்டியாகிவிட்டது, ஐந்து பாக்கி. சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. எனக்கும் பேச வேண்டும் என்று தோன்றவில்லை.