மேற்கு மூலைக்குக் களி சுமந்த அமான்சியோ

அமான்சியோ மணல்காட்டு ஆள் இல்லை. மேட்டுப் பக்கம், களிமண் நிலத்தில் பிறந்தவன். அங்கே திராட்சை நடுவது சுலபம். கடப்பாரையால் ஒரு குத்து, கொடியைச் செருகு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. அதில் வருவதை நாங்கள் ஒயின் என்று சொல்வதில்லை, சிவப்புத் தண்ணீர் என்போம். லுடோவினாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் கடலோரத்துக்கு வந்தான். நிலம் அவளுடையது. கடற்பாறைக்குப் பின்னால், எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல்தான்.

எங்கள் கொலாரிஷ் கரையில் மணல் மேலே, களிமண் வெகு ஆழத்தில். மற்ற ஊர்க் கொடிகளைத் தின்று தீர்த்த வேர்ப்பேன் இந்த மணலில் ஊர முடியாமல் செத்துப்போயிற்று. அந்த வகையில் மணல் எங்களுக்குச் சாமி. ஆனால் அந்தச் சாமி சோறு போடாது. கொடிக்குத் தண்ணீரும் சத்தும் கீழே களியில்தான் இருக்கின்றன. அதனால் களி தட்டுப்படும்வரை தோண்டி, அடியில் நீளக் கொடியைக் கிடத்தி, அது வளர வளர வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் தள்ளி மூடுவோம். தோண்டுகிறவன் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொள்வான். பக்கம் சரிந்தால், ஆட்கள் அவனை வெளியே எடுக்கும்வரை கூடைக்குள் இருக்கிற காற்று அவனுக்கு மூச்சு.

கூலி ஆட்கள் முக்கால் ஆழம் தோண்டுவார்கள். கடைசி ஆழம் வீட்டு ஆம்பிளை கையால்தான். அவன் களியைத் தொட்டதும் நிலத்துக்குச் சொந்தக்காரர் வெறுங்காலோடு இறங்கி நின்று "சரி" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கொடி கிடத்துவது. இது எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறி யாரும் நட்டதில்லை.

மனைவியின் நிலத்தில் தோண்டுவதற்கு முந்தின குளிர்காலம் அமான்சியோ, பக்கத்து நிலத்துக்காரன் பெலார்மினோவின் குழியில் கூலிக்கு இறங்கியிருந்தான். பக்கம் சரிந்து தலைவரை மூடிவிட்டது. தோண்டி எடுத்தோம். அன்று சாயங்காலமே கடையில் உட்கார்ந்து, "கூடைக்குள்ள ஒரு நல்ல தூக்கம் போட்டேன், நீங்கதான் எழுப்பி விட்டுட்டீங்க" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவன் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டுதான் படுப்பான் என்று லுடோவினா ஒருமுறை சொன்னாள். கடலோரத்துக் குளிரில் அது சின்ன விஷயம் இல்லை.

லுடோவினாவின் நிலத்தில் மேற்கு மூலையில்தான் மணல் அதிக ஆழம். அங்கே கடைசி ஆழம் தோண்ட இறங்கியவன், பாதியில் நிறுத்திவிட்டான். ஊரே மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கழுதைமேல் மேட்டு நிலத்துக் களியை ஏற்றி வந்து, குழியில் கொட்டி, மேலிருந்து நீளக் கழியால் தட்டிச் சமன் செய்தான். ஒரு சாண் கனம் இருக்கும். தண்ணீரும் தெளித்தான். லுடோவினா இறங்கினாள், ஜில்லென்று இருந்தது, "சரி" என்றாள். கொடி கிடத்தினார்கள். களியைச் சுமந்து வந்து மணலுக்குள் புதைத்த ஒரே மனிதன் எங்கள் ஊரில் அவன்தான். இதெல்லாம் பிற்பாடு அவனே சொன்னது.

முதல் இரண்டு வருஷம் மழை காப்பாற்றியது. அடுத்த கோடையில் மழை இல்லை. எங்கள் கோடை விசித்திரமானது. காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி நண்பகல்வரை விலகாது. பிற்பகல் வெயிலை மணல் வாங்கி வைத்துக்கொள்ளும். தரையில் படர்ந்த கொடியைச் சின்ன நாணல் குச்சி கொடுத்து ஒரு சாண் உயரம் தூக்கிவிட்டால், அந்தச் சூட்டில் பழம் மெல்ல மெல்லப் பழுக்கும். சின்னப் பழம், கனத்த தோல், புளிப்பு போகாது, துவர்ப்பு நாக்கைச் சுருட்டும். பத்து வருஷம் பீப்பாயிலும் புட்டியிலும் கிடந்தால்தான் அந்த ஒயின் மனிதர்களோடு பேசும். அதற்கு முன்னால் குடிக்கிறவன் அவசரக்காரன்.

அந்தக் கோடையில் மேற்கு மூலை மட்டும் மஞ்சளித்தது.

"உப்புக் காத்து" என்றான் அமான்சியோ. சொன்னதோடு விடவில்லை. நாணல் வெட்டி வந்து காற்றுக்குத் தடுப்பு கட்டினான். அதன்மேல் இன்னொரு வரிசை கட்டினான்.

"என்னப்பா, மணிக்கூண்டும் வைக்கப் போறியா? ஞாயித்துக்கெழம பூசைக்கு இங்கயே வந்துடறோம்" என்றான் பெலார்மினோ.

"உனக்கென்ன, உன் காடு பள்ளத்துல இருக்கு. கடல் எங்க மூஞ்சியிலதானே துப்புது" என்றான் அமான்சியோ. பாவம், அந்தக் கடல் ஒன்றும் செய்யவில்லை.

நான் கூட்டுறவுக் கிடங்கில் தராசுக்காரன். ஒவ்வொரு கூடையிலும் ஒரு பழம் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன். அறுவடையின்போது லுடோவினா கொண்டுவந்த கூடைகளில் கிழக்குப் பக்கத்துப் பழம் வாயைக் கட்டியது. மேற்கு மூலைப் பழம் வெம்பிப்போய், புளிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை.

"இத எடுக்க முடியாதும்மா" என்றேன்.

"உப்புக் காத்துண்ணே, அதான்."

"உப்பு எலையக் கருக்கும், பழத்தச் சிறுக்க வைக்கும். சிறுத்தா துவர்ப்பு கூடத்தானே செய்யணும்? இது பட்டினி கெடந்த கொடி. காலு களியில இல்ல."

"நானே நின்னு பாத்தேனே!"

"நீ நின்ன. கொடி நிக்கலையே."

அவள் அந்தக் கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். கிடங்கு ஒருமுறை தள்ளிய நிலத்தை மறு அறுவடைக்குள் சரி செய்யாவிட்டால், மணல் ஒயின் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். பிறகு அது உருளைக்கிழங்கு நிலம்தான். அவளுக்கு இருந்ததே அது ஒன்று.

முதல் மழையில் மணல் கொஞ்சம் இறுகியதும், அமான்சியோ எவ்வளவு தடுத்தும் கேட்காமல், பெலார்மினோவையும் என்னையும் மேலே மணல் இழுக்கக் கூப்பிட்டாள். தானே தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு மேற்கு மூலையில் இறங்கினாள். அமான்சியோ நாணல் தடுப்போரம் உட்கார்ந்திருந்தான். குழிப்பக்கம் திரும்பவே இல்லை.

கொடியின் அடிக்கு வந்ததும் களி தட்டுப்பட்டது. மண்வெட்டியால் நாலு போடு போட்டாள். கீழே மறுபடியும் மணல்.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"யோவ், இங்க வா. களிக்குக் கீழ மணல் கெடக்கு. கடவுள் தப்பாப் படைச்சுட்டாரா, இல்ல நீ படைச்சியா?"

அவன் எழுந்து வந்தான். விளிம்புக்குச் சற்றுத் தள்ளியே நின்றான்.

"நான்தான்" என்றான். "மூச்சு முட்டுச்சு, லுடோவினா. மணல் கழுத்துல ஏறுற மாதிரியே இருந்துச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்டக்கூடவா வெக்கம்? சொல்லியிருந்தா அன்னைக்கே நான் எறங்கியிருப்பேன். அத விட்டுட்டு மூணு வருஷமா மறச்சு வச்சு, இப்ப நாணலக் கட்டிக் கடலோட சண்ட போட்டிருக்க, கூமுட்ட!"

"மேல வந்துடு. இந்த மூலைய விட்டுடலாம். கெழங்கு போட்டுக்கலாம்."

"உங்க மேட்டுல போய்ப் போடு."

மேற்கொண்டு தோண்டினாள். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை. நாங்கள் கயிற்றில் கூடை கூடையாக மணலை இழுத்துக்கொண்டிருந்தோம். கடல் பக்கத்துச் சுவரிலிருந்து முதலில் ஒரு கை மணல் உதிர்ந்தது. பெலார்மினோ "மேல வா!" என்று கத்துவதற்குள் பக்கம் சரிந்து அவளை மார்புவரை மூடிவிட்டது.

அமான்சியோ எப்போது இறங்கினான் என்று நான் பார்க்கவில்லை. தலையில் கூடை இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. நாய் தோண்டுகிற மாதிரி இரண்டு கையாலும் மணலை வாரிப் பின்னால் தள்ளினான். வாய்விட்டு அழுதுகொண்டே தள்ளினான். முதலில் அவள் கை வெளியே வந்தது, பிறகு இடுப்பு, பிறகு கால். அடிபடவில்லை. மூச்சு வந்ததும் அவள் முதல் காரியமாக அவனை வைதாள்.

"தலையில கூடை இல்லாம எறங்குறியே, அறிவிருக்கா உனக்கு?"

ஏணியை இறக்கினோம். ஏறியது லுடோவினா மட்டும்தான். ஏறுவதற்கு முன் அவள் தலையில் இருந்த கூடையை அவன் எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். மண்வெட்டியைத் தேடி எடுத்தான்.

பெலார்மினோ குனிந்து கேட்டான். "என்னய்யா, பயம் போயிடுச்சா?"

"போகல" என்றான் அமான்சியோ. "கயித்த எறக்கு."