தங்கராசு வண்டிச் சத்தம்

மோட்டார் பைக் வைத்திருந்தால் மாதம் என்ன செலவாகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெட்ரோல், ஆயில், டயர், பஞ்சர்... எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. போன வாரம்தான் என் சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

சித்தப்பா மகன் தங்கராசுவிடம் ஒரு பைக் உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரில் அது ஒன்றுதான். அப்படியானால் அவன்தானே சொந்தக்காரன் என்பீர்கள். அதுதான் இல்லை. சாவிதான் அவனிடம் இருக்கும், வண்டி ஊருக்குச் சொந்தம்.

பிரசவ வலியா — கூப்பிடு தங்கராசுவை. பாம்பு கடித்ததா — கூப்பிடு தங்கராசுவை. அதிலாவது புண்ணியம் உண்டு. ஆனால் அவனுக்கு அதிகம் வாய்த்தது இழவு சொல்லும் வேலை. அந்தப் பக்கம் போன் ஏது? தந்தியை நம்பினால் பிணம் நாறிவிடும். செத்தவரின் மகள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் இவன்தான் போக வேண்டும்.

போய் என்ன சொல்வான்? செத்துப்போய்விட்டார் என்று பட்டென்று யாராவது சொல்வார்களா? "கொஞ்சம் முடியலீங்க, வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்பான். கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும். இழவை மென்று விழுங்கிச் சொல்வது நம் ஊர் நாகரிகம்.

நாளாக நாளாக அதைச் சொல்லவும் தேவையில்லாமல் போனது. வண்டி ஒரு ஊருக்குள் நுழைந்தாலே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்த வீட்டு முன்னால் நிற்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். 'வாங்க' என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க ஆளில்லை என்று என்னிடம் ஒருமுறை வருத்தப்பட்டிருக்கிறான். நான் சிரித்துவிட்டேன்.

போன வாரம் சித்தப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். நினைவு மட்டும் தப்பவில்லை. மகள் சரோஜாவைக் கூட்டி வரச்சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் தங்கராசுவின் தங்கை, ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தங்கராசு வண்டியை எடுத்தான். நான் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அங்கே நடந்ததை அவன் பிறகுதான் சொன்னான். வண்டிச் சத்தம் கேட்டதுமே சரோஜா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாளாம். அப்பா உயிரோடுதான் இருக்கிறார், பின்னால் ஏறு என்று இவன் கத்தியிருக்கிறான். யார் கேட்டார்கள்? அவள் புருஷன் மட்டும் இவன் தோளில் கை வைத்து நிதானமாகச் சொன்னாராம்.

"எங்க பெரியப்பன் செத்தப்பவும் இதையேதானுங்க மச்சான் வந்து சொன்னீங்க."

சத்தியம் செய்தான். சத்தியம் செய்யச் செய்ய அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. செத்த வீட்டுக்கு மகள் வெறுங்கையோடு பைக்கில் போவாளா என்று மாமியார் தடுத்துவிட்டார். பங்காளிகளுக்குச் சொல்லியனுப்பி, பரமத்தி வேலூரில் பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணியும் மாலையும் வாங்கி, வாடகைக் கார் பிடித்து... எல்லாம் முறைப்படி நடந்தது.

தங்கராசு தனியாகத் திரும்பி வந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் சித்தப்பா கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். தங்கச்சி பின்னாலேயே வருகிறாள் என்றான் இவன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தங்கராசு வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கார் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டார்.

மாலையும் கையுமாக இறங்கினார்கள். அழுது ஓய்ந்த பிறகு சரோஜாவுக்கு என்ன தோன்றியதோ, அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ வந்தப்ப நெசமாவே அப்பா உசுரோட இருந்தாராண்ணா?"

தங்கராசு என்னைப் பார்த்தான். கார் வருமுன் அந்த வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும்.

"இல்ல கண்ணு. நா பொறப்படறப்பவே போயிட்டாரு."

நான் அப்பவே சொன்னேனே என்பது போல் மாமியார் தலையை ஆட்டினார். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனை வருடத்தில் தங்கராசு சொன்ன பொய்களில், ஜனங்கள் நம்பியது இது ஒன்றைத்தான்.