கொம்பு இடம் மாறாத திரை

சாவித்திரி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, அவரு பூட்டாருண்ணா." மதியச் சோற்றில் கை வைத்திருந்தேன். கழுவிவிட்டு உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினேன். அவள் கணவர் தனகோட்டியோடு ஒரே மேசையில் எட்டு வருஷம் மென்பொருள் எழுதியவன் நான். அவருடைய பிடிவாதத்தைப் பற்றி, அவரோடு பழகிய நண்பர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஏரிப் பாசன சங்கத்துக்கு நாங்கள் எழுதிய மென்பொருள், யார் வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று முறைச்சீட்டு அச்சிட்டுத் தரும். சங்கத்தின் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றினார்கள். மதகு திறக்க மூன்றே வாரம் இருந்தது. அதற்குள் எங்கள் மென்பொருளும் மாறியாக வேண்டும். இல்லையென்றால் வலுத்தவன் வாய்க்கால்தான் நிறையும், கடைமடைக்காரர்கள் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

சிக்கல் திரையில்தான். பொத்தான், பட்டியல், எழுத்து எல்லாவற்றையும் வரைந்து தரும் டூல்கிட் ஒன்றைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டது லட்சணமாக இருந்தது, வேலையும் குறைவு. தனகோட்டி கொண்டுவந்தது சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. அதற்குப் பாதித் திரைகளைத் திரும்ப எழுத வேண்டும். "இதுல எழுத்து ஒயுங்கா கீதுப்பா" என்றார். "எழுத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்று வாயை அடைத்தேன்.

என் டூல்கிட்டில் அச்சிட்ட முதல் சீட்டை வாங்க வந்தவர், கடைமடையில் அரைக்காணி வைத்திருந்த கோவிந்தம்மா. படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் முகத்தைப் போல அடையாளம் தெரியும். பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது என் பேரு இல்ல நைனா. வேற யார்தோ."

'கோ'வின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றிருந்தது. "உங்க பேருதாம்மா, புடிங்க" என்று சிரித்தேன். தனகோட்டி சிரிக்கவில்லை.

"அந்தம்மா சரியாத்தாம்பா படிக்கிது. நாமதான் தப்பா எய்திக்கினு கீறோம்."

அன்றே ஒரு கோப்பில் 'கோவிந்தம்மா' என்று ஒற்றைச் சொல்லை எழுதி, கிடைத்த டூல்கிட்டில் எல்லாம் திறந்து பார்த்தார். "பட்டன் அயகா இருந்து இன்னா? பேரு பேரா இருக்கணும்." கடைசியில், கொம்பு சரியாக வந்த அவருடைய சாம்பல் திரைதான் நின்றது. இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வேலையை வாங்கிக்கொண்டேன்.

மதகு திறந்த காலையில் கோவிந்தம்மா சீட்டை ஒருமுறை பார்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தனகோட்டியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அவருடைய அஞ்சலிச் சுவரொட்டிக்கு நான்தான் அச்சகம் போனேன். திரையில் பெயரைத் தட்டினார்கள். தனகோட்டியின் 'கோ' உடைந்து நின்றது. "போஸ்டர்ல இதெல்லாம் யாரு சார் பாக்கப்போறா?" என்றார் அச்சகக்காரர். எழுத்துருவை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். நான்காவதில் கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

"இதுதாம்பா அவர் பேரு" என்றேன்.

அவருடைய ஒற்றைச் சொல் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தப் புது டூல்கிட் வந்தாலும் முதலில் அதைத்தான் திறக்கிறேன். ஊர் திரும்பியதும் அதில் கோவிந்தம்மாவுக்குக் கீழே இன்னொரு பெயரைச் சேர்த்தேன்.